பழைய செவர்லே சி10 ட்ரக்ல மீட்டர் மாத்த போறீங்களா, மொதல்ல எர்த்த பாருங்க

1967ல இருந்து 72 வரைக்கும் வந்த செவர்லே சி10 பிக்கப் வச்சிருக்கவங்க யார்கிட்ட பேசினாலும் ஒரே புலம்பல்தான். பெட்ரோல் முள்ளு ஃபுல்ல தாண்டி போய் ஒட்டிக்கிச்சு, டெம்பரேச்சர் முள்ளு செத்து கிடக்குது, ஸ்பீடோமீட்டர் 40 மைலுக்கு மேல போனா நடுங்குது, நைட்ல டேஷ்போர்ட்ல ஒண்ணுமே தெரியல. உடனே ஆன்லைன்ல போய் பளபளன்னு ஒரு புது செட் ஆர்டர் பண்ணிடறாங்க. அது வந்து, ரெண்டு வீக்கெண்ட் முதுகு வலிக்க டேஷ்போர்டுக்கு அடியில படுத்து மாட்டி, சாவிய திருப்பினா புது முள்ளும் பழைய முள்ளு மாதிரியே ஆடுது. ஏன்னா கோளாறு மீட்டர்ல இல்ல, எர்த்லயோ (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பி போற வழி), டேங்க்ல பெட்ரோல் எவ்வளவுன்னு மீட்டருக்கு சொல்ற யூனிட்லயோ இருந்திருக்கு. அதனால இதுல நான் கழட்டறத பத்தி சொல்றதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்றத பத்திதான் நிறைய சொல்ல போறேன், பொறுமை இல்லாதவங்க நேரா நடுவுல போயிடலாம், ஆனா திரும்பி வருவீங்க.

ஜிஎம்சி பேர்ல வந்த அதே மாடல் ட்ரக்குக்கும், கே10ன்னு வந்த நாலு வீல் டிரைவுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். ஃபோர்டு எஃப்100 வச்சிருக்கவங்களுக்கு கழட்டற வேலை கிட்டத்தட்ட இதேதான், ஆனா எலெக்ட்ரிக்கல் வேற ஜாதி, அத தனியா நடுவுல சொல்றேன்.

உங்க வண்டில என்ன இருக்கு

இந்த ட்ரக்குகள்ல ரெண்டு வகை க்ளஸ்டர், அதாவது மீட்டருங்க எல்லாம் சேர்ந்த பெட்டி, வந்துச்சு. சாதா வண்டில ஸ்பீடோமீட்டரும் பெட்ரோல் மீட்டரும் மட்டும் இருக்கும், மிச்சதெல்லாம் செவப்பு லைட்டுதான், இன்ஜின் சூடாச்சுன்னா ஒண்ணு, ஆயில் பிரஷர் போச்சுன்னா ஒண்ணு, சார்ஜ் ஆகலன்னா ஒண்ணு. கூடுதல் காசு குடுத்து வாங்கின வண்டில எல்லாத்துக்கும் முள்ளு வச்ச மீட்டர் இருக்கும். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா லைட் வண்டில இன்ஜின்ல மாட்டியிருக்கறது வெறும் ஸ்விட்ச், ஆன் இல்ல ஆஃப் அவ்வளவுதான். மீட்டர் வண்டில இருக்கறது சூட்டுக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறுற யூனிட். பழைய பார்ட்ஸ் கடையில மீட்டர் க்ளஸ்டர் மலிவா கிடைச்சுதுன்னு வாங்கிட்டு வந்து லைட் வண்டில நேரா சொருகினா வேலை செய்யாது. பின்னாடி இருக்குற பிரிண்டட் சர்க்யூட்டும் வேற, இன்ஜின் பக்கம் போற ஒயரிங்கும் வேற, யூனிட்டும் வேற. ஒண்ண மாத்தினா மூணையும் மாத்தணும்.

ஆயில் பிரஷர் மீட்டர் இந்த வண்டிகள்ல மெக்கானிக்கல், அதாவது இன்ஜின்ல இருந்து ஒரு மெல்லிசான குழாய் வழியா ஆயிலே நேரா மீட்டர் வரைக்கும் வரும். ஒயர் இல்ல. ஐம்பது வருஷம் ஆன நைலான் குழாய் ஓட்டிட்டு இருக்கும்போது உடைஞ்சா கொதிக்கிற ஆயில் உங்க கால் மேல, அதனால வேற எதையும் மாத்தலன்னாலும் இத மாத்திடுங்க.

டெஸ்ட்

தேவையான சாமான் ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லைட், முதலை கிளிப் வச்ச ரெண்டு மூணு ஒயர். அவ்வளவுதான்.

பெட்ரோல்ல ஆரம்பிங்க. இந்த மாடல்ல டேங்க் வெளிய இல்ல, கேபினுக்குள்ளயே சீட்டுக்கு பின்னாடி இருக்கு, அந்த காலத்துல அப்படிதான் பண்ணாங்க, இன்னைக்கு நெனச்சா கொஞ்சம் பக்குன்னுதான் இருக்கும். சீட் முதுக முன்னாடி சாய்ச்சா டேங்க் தெரியும். யூனிட்டுக்கு போற ஒயர் வழக்கமா வெளிர் பழுப்பு கலர், கூடவே எர்த்துக்கு ஒரு கருப்பு ஒயர். கதவு ரெண்டையும் நல்லா திறந்து வச்சுக்கோங்க, பெட்ரோல் வாசனை பலமா அடிச்சா அது ஆறுற வரைக்கும் வேலைய தொடாதீங்க, சிகரெட்டு லைட்டர் எதுவும் பக்கத்துல வேணாம்.

இக்னிஷன ஆன் பண்ணுங்க, இன்ஜின் ஓட வேணாம். பழுப்பு ஒயர யூனிட்ல இருந்து கழட்டுங்க. முள்ளு ஃபுல்லுக்கு மேல ஏறணும். இப்ப அதே ஒயர கிளிப் போட்டு நல்ல எர்த்ல தொடுங்க, முள்ளு காலிக்கு இறங்கணும். ரெண்டும் ஒழுங்கா நடந்தா உங்க மீட்டரும் நல்லா இருக்கு ஒயரும் நல்லா இருக்கு, கோளாறு டேங்க்ல இருக்குற யூனிட்ல, இல்லன்னா அதோட எர்த்ல. முள்ளு எப்பவும் ஃபுல்ல தாண்டி நிக்குதுன்னா எங்கயோ சர்க்யூட் அறுந்திருக்குன்னு அர்த்தம், எப்பவும் காலியா காட்டினா அந்த ஒயர் எங்கயோ உரசி பாடியில படுதுன்னு அர்த்தம், இல்ல மீட்டருக்கே கரண்ட் வரல. இத மனசுல வச்சுக்கிட்டா பாதி வேலை சீட்டுல உக்காந்துகிட்டே முடிஞ்சுடும்.

கழட்டின யூனிட்டோட ரெண்டு முனையிலயும் மல்டிமீட்டர ஓம்ல வச்சு பாருங்க. ஜிஎம் வண்டிக்கு 1965ல இருந்து டேங்க் காலின்னா 0 ஓம், ஃபுல்லுன்னா 90. பாதி டேங்குக்கு சுமார் 40, 45 பக்கம் காட்டணும். யூனிட்ட வெளிய எடுத்துட்டீங்கன்னா மிதவைய கையால மெதுவா மேலயும் கீழயும் ஆட்டி பாருங்க, நம்பர் வழுக்கிட்டு போற மாதிரி மாறணும், நடுவுல திடீர்னு எகிறினா உள்ள இருக்குற ரெசிஸ்டன்ஸ் கம்பி தேஞ்சு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க. மிதவைய காது கிட்ட வச்சு குலுக்குங்க, உள்ள தண்ணி மாதிரி சத்தம் கேட்டா ஓட்டையாகி பெட்ரோல் புகுந்திருக்கு.

டெம்பரேச்சர் இதுக்கு நேர் எதிர் மாதிரி. சின்ன பிளாக் வி8 இன்ஜின்ல யூனிட் பெரும்பாலும் டிரைவர் பக்க சிலிண்டர் ஹெட்ல, முதல் ரெண்டு எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு நடுவுல இருக்கும், கரும்பச்சை ஒயர். ஒயர கழட்டினா முள்ளு குளிர்ந்த பக்கம் போகணும், எர்த்ல தொட்டா சூடு பக்கம் ஓடணும். தொட்டதும் எடுத்துடுங்க, முள்ள அங்கயே புடிச்சு வச்சிருக்க வேணாம். இன்ஜின் சூடா இருக்கும்போது அந்த யூனிட்ட மட்டும் திருகி எடுத்துடாதீங்க, கொதிக்கிற கூலன்ட் மூஞ்சில அடிக்கும்.

இப்ப எர்த்

நான் இதுக்கு தனியா தலைப்பு போட்டதுக்கு காரணம் இருக்கு. இந்த ட்ரக்ல கேபின் ஃப்ரேம் மேல ரப்பர் வச்சு உக்காந்திருக்கு, இன்ஜினும் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு. அதாவது இரும்பும் இரும்பும் தொடறதே இல்ல. டெம்பரேச்சர் யூனிட்டுக்கு எர்த் இன்ஜின் பிளாக் வழியா, டேங்க் யூனிட்டுக்கு எர்த் கேபின் வழியா, க்ளஸ்டருக்கு எர்த் டேஷ்போர்டு வழியா, இந்த மூணையும் பேட்டரி நெகட்டிவோட சேர்க்கறது ரெண்டு மூணு பின்னல் பட்டை மட்டும்தான். பல வண்டில முன்னாடி யாரோ இன்ஜின இறக்கிட்டு திரும்ப ஏத்தும்போது இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கிற இரும்பு சுவர்) நடுவுல இருந்த பட்டைய மறந்துட்டு போயிருப்பாங்க, இல்ல மேல பெயிண்ட் அடிச்சு மூடியிருப்பாங்க.

இத கண்டுபுடிக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு. ஹெட்லைட்ட போட்டு, இண்டிகேட்டர போடுங்க. இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிக்கும்போது பெட்ரோல் முள்ளும் கூடவே தாளம் போட்டுச்சுன்னா வேற டெஸ்ட்டே வேணாம், எர்த் போச்சு. சந்தேகமா இருந்தா மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வச்சு, கருப்பு முனைய பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல, கிளாம்ப் மேல இல்ல கம்பத்து மேலயே வச்சு, செவப்பு முனைய டேஷ்போர்டோட வெறும் இரும்புல வைங்க, லைட் எல்லாம் எரிஞ்சுட்டு இருக்கணும். 0.1, மிஞ்சி மிஞ்சி போனா 0.2 வோல்ட் வரலாம். அதுக்கு மேல போனா பட்டைய கழட்டி ரெண்டு பக்கமும் பெயிண்ட சுரண்டி பளிச்சுன்னு இரும்பு தெரிய வச்சு திரும்ப மாட்டுங்க, இல்ல புதுசு போடுங்க, பத்து டாலர் கூட ஆகாது. ஆயிரம் டாலர் செட் வாங்கறதுக்கு முன்னாடி இந்த பத்து டாலர செலவு பண்ணுங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது.

ஓம் கணக்கு

மீட்டரும் யூனிட்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி, ஜோடி மாறினா வீடு வெளங்காது. ஜிஎம்க்கு 0ல இருந்து 90ன்னு சொன்னேன். 1965க்கு முந்தின ஜிஎம் வண்டிக்கு 0ல இருந்து 30. பழைய ஃபோர்டுக்கு தலைகீழ், காலின்னா 73, ஃபுல்லுன்னா 10 பக்கம். கடையில தனியா விக்கிற யுனிவர்சல் மீட்டர்ல நிறைய 240ல இருந்து 33. இதுல எதையாவது கலந்துட்டா மீட்டர் வேலை செய்யற மாதிரியே இருக்கும் ஆனா காட்டறது பொய்யா இருக்கும், அதுதான் ஆபத்து, பாதி டேங்க்னு நம்பி ஹைவேல நின்னுடுவீங்க. புது செட் வாங்கும்போது டப்பா மேல எந்த ஓம்னு பாருங்க. கூட அவங்களே குடுக்குற டெம்பரேச்சர் யூனிட்டயும் ஆயில் யூனிட்டயும் மாட்டுங்க, பழசு நல்லாதான இருக்குன்னு அதையே விட்டுடாதீங்க.

ஃபோர்டுகாரங்க இங்க கொஞ்சம் நில்லுங்க. உங்க மீட்டருங்களுக்கு 12 வோல்ட் நேரா போகாது, க்ளஸ்டர் பின்னாடி ஒரு சின்ன டப்பா ரெகுலேட்டர் இருக்கு, அதுக்குள்ள ஒரு ரெட்டை உலோகத் தகடு சூடாகி விலகி, ஆறி ஒட்டி, இப்படி விட்டு விட்டு கரண்ட் குடுத்து சராசரியா 5 வோல்ட் வர மாதிரி பண்ணுது. மல்டிமீட்டர்ல பாத்தா நம்பர் குதிக்கும், பயப்படாதீங்க, அது அப்படிதான். ஆனா அந்த டப்பாவுக்கு எர்த் போச்சுன்னா முழு 12 வோல்ட்டும் மீட்டருக்கு போய் எல்லா முள்ளும் ஒரே நேரத்துல மேல ஏறி நிக்கும், அப்படியே விட்டா கருகிடும். பெட்ரோல், டெம்பரேச்சர், ஆயில் மூணும் ஒண்ணா தப்பா காட்டுதுன்னா மீட்டர தொடாம ரெகுலேட்டர பாருங்க. டெஸ்ட்டுக்காக மீட்டர் முனையில நேரா பேட்டரி ஒயர வச்சு பாக்கற வேலை மட்டும் வேணவே வேணாம்.

எத வாங்கறது

மூணு வழி இருக்கு. பழச கழட்டி சுத்தம் பண்ணி, போன மீட்டர மட்டும் ஒரிஜினல் மாதிரியே செஞ்சு விக்கிறத வாங்கி போடறது ஒண்ணு. கன்சாஸ்ல இருக்குற எல்எம்சி மாதிரி கடைங்க இந்த மாடலுக்கு பிரிண்டட் சர்க்யூட், கண்ணாடி, பெசல்னு சொல்ற முன்பக்க ஃப்ரேம், தனித்தனி மீட்டர் எல்லாமே விக்கிறாங்க. ரெண்டாவது, ஒரிஜினல் பெசலுக்குள்ள அப்படியே உக்கார்ற மாதிரி செஞ்ச நவீன செட், டகோட்டா டிஜிட்டல், கிளாசிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ஆட்டோமீட்டர் இவங்கெல்லாம் இத பண்றாங்க, முள்ளு வச்சதும் இருக்கு, முழு டிஜிட்டலும் இருக்கு. மூணாவது, டேஷ்போர்டுக்கு கீழ ஒரு பட்டை அடிச்சு தனி மீட்டர் மூணு மாட்டறது, மலிவு, எனக்கு பாக்க புடிக்காது, ஆனா லைட் வண்டிய அறுக்காம கொள்ளாம நிஜ பிரஷர் தெரிஞ்சுக்கணும்னா அதுவே போதும்.

என் கருத்து என்னன்னா, வண்டி ஒரிஜினல் இன்ஜின் ஒரிஜினல் கியர்பாக்ஸோட இருந்தா முதல் வழிதான். அந்த க்ளஸ்டர்ல ஒரு அழகு இருக்கு, அத தூக்கி போட மனசு வரக்கூடாது. எல்எஸ்னு சொல்ற ஜிஎம்மோட புது வி8 இன்ஜின் மாத்தினவங்க, ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் போட்டவங்க ரெண்டாவதுக்கு போங்க, ஏன்னா அதுல பல செட்டுங்க இன்ஜின் கம்ப்யூட்டரோடயே பேசிக்கும். எப்படி இருந்தாலும் கழட்டின பழசு எதையும் விக்காதீங்க, ஒரு டப்பால போட்டு பரண்ல வைங்க, நாளைக்கு வண்டிய வாங்கறவன் கேப்பான்.

பழைய மீட்டர் வண்டில இருக்குற ஆம்மீட்டர பத்தி ஒண்ணு சொல்லணும். அது பாட்டுக்கு நடுவுலயே நிக்கும், ஒண்ணும் உருப்படியா சொல்லாது. அந்த இடத்துல வோல்ட்மீட்டர் போட்டுடுங்க. இன்ஜின் நின்னு ஆறியிருக்கும்போது 12.6 பக்கம், ஓடும்போது 13.5ல இருந்து 14.5 குள்ள இருந்தா சார்ஜிங் நல்லா இருக்கு.

கழட்டறது

பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப கழட்டி, திரும்ப வந்து தொடாத மாதிரி ஒரு துணிய சுத்தி ஓரமா வைங்க. இத செய்யாம ஆரம்பிச்சா டேஷ்போர்டுக்கு பின்னாடி எங்கயாவது ஸ்பானர் பட்டு பொறி பறக்கும், இந்த வண்டில அந்த பக்கம் நிறைய ஒயருக்கு ஃப்யூஸே கிடையாது.

பெசல வெளிய எடுக்க நாப்ங்கள கழட்டணும். ஹெட்லைட் நாப்ல ஸ்க்ரூ தேடி கஷ்டப்படாதீங்க, நாப்ப முழுசா வெளிய இழுத்து வச்சுட்டு டேஷ்போர்டுக்கு அடியில கைய விட்டு ஸ்விட்ச் டப்பாவ தடவினீங்கன்னா ஒரு சின்ன ஸ்பிரிங் பட்டன் கைல படும், அத அமுக்கிட்டே இழுத்தா தண்டோட நாப் வந்துடும். வைப்பர் நாப்ல சின்ன ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க. இந்த மாடல்ல இக்னிஷன் சாவியும் டேஷ்போர்ட்லதான், ஸ்டியரிங் காலம்ல இல்ல, அதையும் கணக்குல வச்சுக்கோங்க. அப்புறம் பெசல சுத்தி இருக்குற ஸ்டார் ஸ்க்ரூங்க. எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துல கொட்டாதீங்க, ஒரு அட்டைல பெசல் படம் கிறுக்கி அந்தந்த இடத்துல ஸ்க்ரூவ குத்தி வைங்க, ஏன்னா நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறும், நீளமானத தப்பான ஓட்டைல விட்டு முறுக்கினா பழைய பிளாஸ்டிக் பட்டுனு விட்டுடும்.

ஸ்டியரிங் காலம் வழிய மறிக்கும். டேஷ்போர்டுக்கு கீழ காலத்த புடிச்சிருக்குற பிராக்கெட்ட தளர்த்தி கொஞ்சம் கீழ இறக்குனா போதும், மொத்தமா கழட்ட வேணாம். காலம் மேல ஒரு கெட்டியான துண்ட சுத்திடுங்க, பெயிண்ட் தப்பிக்கும். 1973க்கு அப்புறம் வந்த சதுர பாடி ட்ரக்ல ஆட்டோமேடிக்கா இருந்தா கியர் காட்டுற முள்ளு க்ளஸ்டர்ல இருந்து ஒரு நூல் மாதிரி கேபிள்ல காலத்தோட சேர்ந்திருக்கும், அத முதல்ல விடுவிக்காம க்ளஸ்டர இழுத்தா அறுந்துடும்.

இப்ப க்ளஸ்டர ரெண்டு இன்ச் முன்னாடி இழுங்க, அதுக்கு மேல வராது, ஸ்பீடோமீட்டர் கேபிள் புடிச்சுக்கும். பலவந்தம் பண்ணாதீங்க. பானட்ட திறந்து ஃபயர்வால்ல கேபிள் உள்ள போற ரப்பர் வளையத்துகிட்ட இருந்து கேபிள கேபினுக்குள்ள தள்ளி விட்டா கொஞ்சம் தொய்வு கிடைக்கும், இன்னொருத்தர் இருந்தா சுலபம். கேபிள் தலையில சில வண்டில திருகுற வளையம் இருக்கும், சிலதுல கட்டை விரலால அமுக்கி இழுக்குற கிளிப். அதுக்கப்புறம் ஒயரிங் பிளக், ஆயில் குழாய், மிச்ச ஒயருங்க. ஆயில் குழாய கழட்டும்போது கீழ ஒரு பழைய துணிய வைங்க, கொஞ்சம் சொட்டும், பழைய கார்பெட்டோ புது கார்பெட்டோ அந்த கறை போகாது. ஒவ்வொரு ஒயரையும் கழட்டறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஒரு போட்டோ, மாஸ்கிங் டேப்ல ஒரு பேர். கலர வச்சு ஞாபகம் வச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, ஐம்பது வருஷ அழுக்குல எல்லா ஒயரும் ஒரே கலர்தான்.

மேஜை மேல

பழச சுத்தம் பண்ணி திரும்ப மாட்டறவங்களுக்கு இது. பின்னாடி ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் தகடுதான் பிரிண்டட் சர்க்யூட், அதுல செம்பு கோடுங்க ஓடும். பிளக் சொருகற இடத்துல செம்பு உரிஞ்சு வந்திருக்கான்னு முதல்ல பாருங்க, அங்கதான் முதல்ல போகும். உரியலன்னா ஸ்கூல் பசங்க பென்சில் ரப்பரால கோட மெதுவா தேச்சா கருப்பு போய் செம்பு பளிச்சுன்னு வரும், உப்புத்தாள் போடாதீங்க, செம்பு ரொம்ப மெல்லிசு. அப்புறம் மல்டிமீட்டர்ல கண்டினியூட்டி வச்சு பிளக் முனையில இருந்து ஒவ்வொரு பல்பு ஹோல்டர் வரைக்கும் பாருங்க. உரிஞ்சிருந்தா புதுசே வாங்கிடுங்க, சால்டர் வச்சு ஒட்டறதெல்லாம் நிக்காது. வாங்கும்போது லைட் வண்டிக்கா மீட்டர் வண்டிக்கான்னு பாத்து வாங்குங்க.

மீட்டர் பின்னாடி வர்ற போல்ட்டுல நட் முறுக்கறதுதான் செம்பு கோட மீட்டரோட சேர்க்குது, அதனால தளர்வா இருந்தா மீட்டர் வேலை செய்யாது, ஓவரா முறுக்கினா போல்ட்டே உள்ள சுத்தி மீட்டர் போயிடும். விரலால முறுக்கிட்டு அப்புறம் ஸ்பானர்ல கால் சுத்து. முள்ள இழுத்து எடுக்காதீங்க, முகப்ப துணியால அழுத்தி தேய்க்காதீங்க, எழுத்து கூடவே வந்துடும். மெல்லிசான பிரஷ்ல தூசி தட்டினா போதும். ஹவுசிங் உள்பக்கம் மங்கி மஞ்சளாகியிருக்கும், டேப் ஒட்டி மறைச்சுட்டு ஒரு கோட் வெள்ளை ஸ்ப்ரே அடிச்சீங்கன்னா அதே பல்புல நைட்ல ரெண்டு மடங்கு வெளிச்சமா தெரியும், இந்த வேலைல இது எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி.

பல்ப எல்லாத்தையும் இப்பவே புதுசா போடுங்க, 194 சைஸ். எல்இடி போடலாம், ஆனா அதுக்கு பிளஸ் மைனஸ் உண்டு, எரியலன்னா திருப்பி சொருகி பாருங்க. பழைய டிம்மர் எல்இடிக்கு ஒழுங்கா மங்கலாகாது. சார்ஜ் லைட்டுக்கு மட்டும் எல்இடி போடவே கூடாது. ஏன்னா அந்த பல்பு வெறும் எச்சரிக்கை லைட் இல்ல, அது வழியா போற கொஞ்சூண்டு கரண்ட்தான் ஆல்டர்னேட்டர எழுப்பி விடுது. அந்த பல்ப எடுத்துட்டு புது மீட்டர் செட் மாட்டினவங்க பல பேர் ஆல்டர்னேட்டர் செத்துப்போச்சுன்னு புது ஆல்டர்னேட்டர் வாங்கியிருக்காங்க. லைட் வண்டிய மீட்டரா மாத்தறீங்கன்னா சார்ஜ் லைட்டுக்கு போற பழுப்பு ஒயர்ல (டேங்க் ஒயர் இல்ல) பல்புக்கு பதிலா ஒரு ரெசிஸ்டர் போடணும், புது செட்டோட குடுக்குற தாள்ல எவ்வளவுன்னு போட்டிருக்கும்.

புது செட் ஒயரிங்

நவீன செட்டுல பெரும்பாலும் ஒரு கண்ட்ரோல் பாக்ஸ் வரும், ஒயர் எல்லாம் அதுக்கு போகும், அதுல இருந்து ஒரே கேபிள் க்ளஸ்டருக்கு. பாக்ஸ ஹீட்டர் பக்கத்துலயோ தண்ணி ஒழுகற ஃபயர்வால் மூலைலயோ வைக்காதீங்க. மூணு ஒயர் ஒழுங்கா குடுத்துட்டா மிச்சம் தானா வரும். எப்பவும் கரண்ட் இருக்குற ஒயர், சாவி போட்டா மட்டும் வர்ற ஒயர், எர்த். சாவி ஒயர ஸ்டார்ட் அடிக்கும்போதும் கரண்ட் நிக்காத இடத்துல இருந்து எடுங்க, டெஸ்ட் லைட்ட வச்சுட்டு ஒருத்தர ஸ்டார்ட் அடிக்க சொன்னா தெரிஞ்சுடும். இக்னிஷன் காயிலுக்கு போற ஒயர்ல இருந்து எடுக்காதீங்க, பிளாட்டினம், அதாவது பாயிண்ட் வச்ச பழைய சிஸ்டத்துல அது ரெசிஸ்டன்ஸ் ஒயர், அதுல முழு 12 வோல்ட் இருக்காது.

இன்ஜின் பக்கம் டெம்பரேச்சர் யூனிட்டும் ஆயில் யூனிட்டும். சின்ன பிளாக்ல ஆயில் போர்ட் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல பின்னாடி இருக்கு, கை போக கொஞ்சம் கஷ்டம். இங்க ஒரு விஷயம் கவனம், இந்த யூனிட்டுங்க மரை வழியாத்தான் எர்த் எடுக்குது, டெஃப்லான் டேப்ப சுத்து சுத்துன்னு சுத்தினா எர்த் போய் மீட்டர் தப்பா காட்டும். பைப் மரைக்கு போடற திரவ சீலன்ட் கொஞ்சம் தடவுனா போதும், முதல் ரெண்டு மரைய விட்டுட்டு. டேக்கோமீட்டர் இருந்தா பழைய பாயிண்ட் சிஸ்டத்துல காயில் நெகட்டிவ், ஹெச்இஐன்னு சொல்ற ஜிஎம்மோட எலெக்ட்ரானிக் இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டரா இருந்தா மூடிலயே டேக்குனு எழுதின முனை இருக்கும், அங்க.

ஸ்பீடோமீட்டர்

பழைய கேபிள் ஸ்பீடோமீட்டர் கணக்கு எளிமை, கேபிள் ஒரு மைலுக்கு 1000 சுத்து சுத்தும், அதாவது 60 மைல் வேகத்துல நிமிஷத்துக்கு 1000. முள்ளு நடுங்கினா மீட்டர குறை சொல்லாதீங்க, கேபிள உருவி துடைச்சு அதுக்குன்னு விக்கிற கிரீஸ லேசா தடவி போடுங்க, மேல் முனைல ரெண்டு இன்ச் மட்டும் காய விட்டுடுங்க, இல்லன்னா கிரீஸ் ஏறி மீட்டருக்குள்ள போயிடும். கேபிள் எங்கயும் சட்டுனு மடங்காம பெரிய வளைவா போகணும்.

முள்ளு நடுங்கல ஆனா வேகம் தப்புன்னா டயர் மாத்தினவங்களா இருப்பீங்க. 27 இன்ச் டயர் இருந்த வண்டில 30 இன்ச் போட்டா ஒவ்வொரு சுத்துக்கும் 11 சதவீதம் கூடுதல் தூரம் போறீங்க, மீட்டர்ல 60 காட்டும்போது நிஜத்துல கிட்டத்தட்ட 67ல போயிட்டு இருப்பீங்க, போலீஸ்கிட்ட இந்த கணக்க சொல்லி பிரயோஜனம் இல்ல. கியர்பாக்ஸ்ல கேபிள் சொருகற இடத்துல ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் சக்கரம் இருக்கும், அதுல பல்லு கம்மியானா கேபிள் வேகமா சுத்தும். 20 பல்லு இருந்தா 18 பல்லு போட்டா அதே 11 சதவீதம் சரியாயிடும். புது எலெக்ட்ரானிக் செட்டுல கேபிள் இருந்த இடத்துல ஒரு பல்ஸ் யூனிட் திருகிடுவீங்க, சுத்துக்கு 16 பல்ஸ் குடுக்கறது, மைலுக்கு 16000ன்னு பாக்ஸ்ல செட் பண்ணிக்கலாம். அப்புறம் மைல் கல்லு பாத்தோ ஃபோன் ஜிபிஎஸ் பாத்தோ நுணுக்கி சரி பண்ணிக்கோங்க.

மூடறதுக்கு முன்னாடி

பெசல் ஸ்க்ரூ போடாம, க்ளஸ்டர் தொங்கிட்டு இருக்கும்போதே பேட்டரிய மாட்டுங்க. ரெண்டு இண்டிகேட்டர், ஹைபீம், டேஷ் லைட், பெட்ரோல், எல்லாம் வருதான்னு பாருங்க. அப்புறம் ஸ்டார்ட். கண்ணு ஆயில் பிரஷர் மேலயே இருக்கட்டும், சில செகண்ட்ல முள்ளு ஏறலன்னா உடனே ஆஃப் பண்ணுங்க, மீட்டர் தப்பா இன்ஜின் தப்பான்னு ஓட விட்டு பாக்காதீங்க. 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐன்னு பழைய ஆளுங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க, அது இருந்தா நிம்மதி. மெக்கானிக்கல் குழாய் மாட்டியிருந்தா ரெண்டு முனையிலயும் விரல வச்சு கசிவு இருக்கான்னு தடவி பாருங்க. இன்ஜின் சூடானதும் தெர்மோஸ்டாட் மூடி மேல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர காட்டி மீட்டரோட ஒப்பிடுங்க, தெர்மோஸ்டாட் 180 இல்ல 195 டிகிரி ஃபாரன்ஹீட்டா இருக்கும், மீட்டர் 230 காட்டி இன்ஜின் 190ல இருந்தா யூனிட் ஜோடி சேரல. எல்லாம் ஓகேன்னா ஸ்க்ரூங்க, காலம் பிராக்கெட், நாப்.

அமெரிக்கால வண்டி வச்சிருக்கவங்களுக்கு இன்னொன்னு. புது ஸ்பீடோமீட்டர்ல பழைய மைலேஜ ஏத்த முடிஞ்சா அதே நம்பர ஏத்திடணும். முடியலன்னா பூஜ்யத்துல வச்சு, டிரைவர் பக்க கதவு ஃப்ரேம்ல பழைய மைல் எவ்வளவு, எந்த தேதில மாத்தினதுன்னு எழுதி ஸ்டிக்கர் ஒட்டணும், இது ஃபெடரல் சட்டம், வண்டி எவ்வளவு பழசுன்னாலும் ஒட்டிடுங்க. அதனால பேட்டரிய கழட்டறதுக்கு முன்னாடியே ஓடோமீட்டர ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பழசுல அஞ்சு இலக்கம்தான், 99,999க்கு அப்புறம் திரும்ப பூஜ்யம், உங்க வண்டி எத்தன தடவை சுத்துச்சுன்னு அந்த நம்பர வச்சு சொல்ல முடியாது, மீட்டர்ல இருக்கறத அப்படியே எழுதிட்டு போங்க.

கடைசியா பெட்ரோல் மீட்டர், முதல் ரெண்டு டேங்குக்கு அத நம்பாதீங்க. டேங்க் சுமார் 20 கேலன், முள்ளு கால் டேங்க்ல நிக்கும்போது பம்புக்கு போய் எத்தன கேலன் புடிக்குதுன்னு குறிச்சு வைங்க. 15 புடிச்சா மீட்டர் சரி. 11, 12 தான் புடிச்சுதுன்னா யூனிட்ல மிதவை கம்பி வளைவ கொஞ்சம் சரி பண்ணணும், இல்ல செட்டுல கேலிபரேஷன் மெனு இருந்தா அதுல போய் பாருங்க.